விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அரசு வேலையில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ கைகால் முடியாமல் போனவர், பார்வை போனவர், காது கேட்காமல் போனவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதை அவருக்கு அனுப்பிவையுங்கள். ஊனம் வந்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, 1996-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நம் பக்கத்தில் இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளிலேயே தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. யாரும் விரட்டவில்லை, இவர்களாகவே போனதாகத்தான் கோப்பில் இருக்கும். அதற்கப்புறம் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த ஒரு தாளை எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்தத் துறை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன், அங்கே பலர் எனக்கு வேண்டியவர்கள். டூவீலர் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டது. ஆபரேஷன் முடிந்ததும், மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் சேர்த்தார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ். ராமகிருஷ்ணன் ஐயா 1975-இல் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார், 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்படிப்பட்டவர் கட்டி எழுப்பிய இடத்துக்குள் போய், இனிமேல் நம்மால் என்ன முடியும் என்று ரொம்ப நாள் அழுதுகொண்டிருக்க யாருக்கும் மனசு வராது.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமலிருக்கக் கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக் கொடுப்பது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது, எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கதீட்டர் விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேலைக்குத் திரும்பியபோது பெரிய போராட்டமே கழிப்பறையை வைத்துத்தான். சட்டத்தைப் பற்றியும் அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ரயில்வே ஊழியர், வயதில் மூத்தவர். "யாரு வந்து என்ன சொன்னாலும் எதுலயும் கையெழுத்துப் போட்ராதீங்க தம்பி, நமக்குச் சட்டத்துல இடமிருக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அவர் சொல்லியிராவிட்டால் இன்றைக்கு நான் எங்கே இருந்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஆபீஸ் கண்காணிப்பாளரும் ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவரும் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் பார்க்க வந்தார்கள். கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருத்துவ விடுப்பு, காப்பீடு எல்லாவற்றையும் நடையாய் நடந்து முடித்துக் கொடுத்தவர் அவர்தான். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், பதவி, வீட்டு முகவரி, கதவு எண் முதற்கொண்டு சரியாக இருந்தது. பொருள்: மருத்துவக் காரணங்களால் பணி ஓய்வு கோருதல், தொடர்பாக. "என் உடல்நிலை காரணமாக இனி என்னால் எந்தப் பணியும் செய்ய இயலாது என்பதால்" என்று ஒரு வரி. இடம், நாள் இரண்டும் காலி. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன் தம்பி. மாடி ஏற முடியாது, பாத்ரூம் போக முடியாது, எதுக்கு இந்தக் கஷ்டம்? மெடிக்கல் இன்வாலிடேஷன்ல போயிட்டா, பிறகு உங்க வீட்டுல அவங்களுக்குக் கருணை அடிப்படையில வேலைக்கு எழுதிப் பாக்கலாம்" என்றார்.

வீட்டில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் உண்மை. என் மச்சான் "மாப்பிள்ளை, சொன்ன மாதிரி செஞ்சுருங்களேன்" என்று பார்வையாலேயே சொன்னார். மனைவிதான் தாளை வாங்கி மடித்து, "யோசிச்சுச் சொல்லுதோம் சார்" என்று அலமாரியில் வைத்தாள். இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கருணை அடிப்படை வேலை என்பது கையில் இருக்கும் வேலைக்கு ஈடான உறுதி கிடையாது, விண்ணப்பித்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்கும் குடும்பங்களை எங்கள் ஆபீசிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் பென்ஷன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு வேலைக்கு வந்தவர்களை சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள், நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். பழைய பென்ஷன் மாதிரி மாதாமாதம் வரும் என்ற உறுதி அதில் இருக்கவில்லை. பழைய பென்ஷன்காரர்களுக்குச் சொல்லும் ஆறுதலை எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார்கள், கேட்ட குடும்பமும் மாதாமாதம் பணம் வரும் என்று நம்பிவிட்டது. நாற்பது வயதுகூட ஆகாத ஒருவன் இன்னும் இருபது வருஷச் சம்பளத்தை ஒரு மாலை நேரத்துக் காபிப் பேச்சில் விட்டுக்கொடுப்பதா?

சரி, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பிரிவு 20, உட்பிரிவு 4. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியிறக்கமும் செய்யக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் அதே சம்பள விகிதம், அதே பணிப் பலன்களோடு வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இடமே இல்லையா, பொருத்தமான இடம் காலியாகும்வரையோ ஓய்வு வயது வரும்வரையோ மிகைப் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம், ஆபீசில் சூப்பர்நியூமரரி போஸ்ட் என்பார்கள். அரசுத் துறைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு கம்பெனிகள், அரசு உதவி பெறும் அமைப்புகள் எல்லாமே இந்தச் சட்டத்தில் அரசு நிறுவனம் என்ற வரையறைக்குள் வருகின்றன. இன்னொன்று, இந்த உட்பிரிவில் 40 சதவீதம் என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. வேலைவாய்ப்பில் 4 சதவீத இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்குத்தான் 40 சதவீதம் வேண்டும். சில சீருடைப் பணிகளுக்கு அரசு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு அறிவித்திருக்கிறது, அந்தப் பணிகளில் இருப்பவர்கள் மட்டும் வக்கீலைக் கலந்து பேசிக்கொள்ளுங்கள்.

இதே பாதுகாப்பு 1995-ஆம் வருஷச் சட்டத்திலும் 47-ஆவது பிரிவாக இருந்தது. கால் எடுக்கப்பட்ட குணால் சிங் என்ற காவலரைத் தகுதியிழந்தவர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2003-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. உடல்தகுதி இழந்தவர்களுக்குத் தரும் இன்வாலிட் பென்ஷனை வாங்கிக்கொண்டாரே என்று அரசுத் தரப்பில் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை, அந்தப் பென்ஷனைக் காட்டி 47-ஆவது பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்கள் மனதை விட்டுவிடாமல் ஒரு வக்கீலிடம் இந்த வழக்கைச் சொல்லிப் பேசிப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விடுப்பு முடிகிற நாளில் பணியில் சேரும் அறிக்கையோடு நேரில் போய் நில்லுங்கள், நான் சொல்லும் முதல் காரியம் இதுதான். வராமலே இருந்தால் அனுமதியின்றி வராதவர் என்று கோப்பு வேறு பக்கம் திரும்பிவிடும். தகுதிச் சான்றில் ஒரு சிக்கல் வரும், அதை முன்கூட்டியே யோசித்துவையுங்கள். டாக்டர்கள் வழக்கமாகப் "பணிக்குத் தகுதி" அல்லது "தகுதியில்லை" என்று ஒரே வரியில் எழுதுவார்கள். தகுதி என்று எழுதினால் "அப்போ மாடிக்கு வந்து வேலை பாருங்க" என்பார்கள், தகுதியில்லை என்றால் கதை முடிந்தது. நான் என் டாக்டரிடம் கேட்டு இப்படி எழுதி வாங்கினேன்: "சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி, அமர்ந்த நிலையில் செய்யும் அலுவலகப் பணிகளுக்குத் தகுதியானவர். தடையற்ற கழிப்பறை வசதியும் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவத் தேவைக்கான நேரமும் அவசியம்." இந்த ஒரு சான்று எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. அதோடு ஊனச் சான்றுக்கும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். எங்கே, எந்தக் கிழமை மருத்துவக் குழு உட்காருகிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள்.

சேரும் அறிக்கையோடு இன்னொரு மனுவும் கொடுத்தேன். சட்டத்தின் 20-ஆவது பிரிவிலேயே, ஊழியருக்குத் தேவையான தகுந்த மாற்றங்களையும் தடையற்ற சூழலையும் அரசு நிறுவனம் செய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ரீசனபிள் அக்காமடேஷன் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். மனுவில் "எனக்கு வசதி செய்து தர வேண்டுகிறேன்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. என்னென்ன வேண்டும் என்று அளவோடு எழுத வேண்டும். முதல் மாடியில் இருக்கும் என் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, இல்லையென்றால் என்னைத் தரைத்தளப் பிரிவுக்கு மாற்றுவது, வாசல் படிக்குச் சாய்தளம், ஒரு கழிப்பறையைச் சக்கர நாற்காலி நுழையும்படி மாற்றுவது, முழங்கால் உள்ளே போகிற உயரத்தில் மேசை, களப்பணியிலிருந்து விலக்கு. இவ்வளவுதான் கேட்டேன். இரண்டு நகல் எடுத்துப் போய் தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். தபால் பிரிவுத் தம்பி "சார்கிட்ட நேர்ல சொல்லிருங்களேன், எதுக்குச் சீல்லாம்" என்று தயங்கினான். அவனிடம் சிரித்துப் பேசி வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் சீல் இல்லாமல் திரும்பாதீர்கள். பின்னால் எந்த அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது "எப்போ கேட்டீங்க, எழுத்துல கேட்டீங்களா" என்பதைத்தான். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, கொடுக்கப்பட்டதற்கான விவரத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தரைத்தளத்துக்கு மாற்றம் சீக்கிரமே கிடைத்தது. மேசையும் கிடைத்தது, தச்சர் வந்து நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்துத் தூக்கிக் கொடுத்தார், அரை மணி நேர வேலை. செலவு பெரிதாக இல்லாதது எல்லாம் இப்படித்தான், கேட்டால் நடந்துவிடும், கேட்க ஆள் இல்லாமல்தான் கிடக்கிறது.

சாய்தளம்தான் இழுத்தது. கட்டினார்கள், ஆனால் ஏற முடியாத மாதிரி கட்டினார்கள். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஆக ஒன்றரை அடி உயரம். விதிப்படி சாய்வு 1-க்கு 12, அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். எங்கள் வாசலுக்கு 18 அடி. ஒப்பந்ததாரர் கட்டியது ஆறு அடி சொச்சம். அதில் ஏறினால் நாற்காலியின் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், பின்னால் ஒருவர் பிடிக்கவில்லை என்றால் மல்லாக்க விழ வேண்டியதுதான். இறங்கும்போது அதைவிட மோசம், மழை நாளில் கேட்கவே வேண்டாம். கைப்பிடியும் இல்லை, மேலே திரும்புவதற்குச் சமதளமும் இல்லை. ஆனால் கோப்பில் "சாய்தளம் அமைக்கப்பட்டது" என்று எழுதிப் படம் ஒட்டி முடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம், வங்கி, ஏடிஎம் என்று எங்கே போனாலும் இந்த மாதிரிச் சாய்தளங்கள்தான் முக்கால்வாசி, பைக் ஏற்றிவைக்கத்தான் உதவும்.

அதனால் அளவு நாடாவைக் கையில் எடுங்கள். நண்பர் ஒருவரை நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, உயரம் தெரிகிற மாதிரி ஒரு படம், நீளம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். இரண்டையும் மனுவில் ஒட்டி, இருக்கும் சாய்வு இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு என்று இரண்டே வரியில் எழுதினேன். கட்டிடத்தைப் பராமரிக்கும் துறையின் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு "அதெல்லாம் கைட்லைன்தான் சார், கட்டாயமெல்லாம் இல்ல" என்றார். இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது இதைப் பற்றித்தான். பார்வை மாற்றுத்திறனாளியான அவர் 2005-இல் போட்ட வழக்கு அது. அணுகல் வசதிகளைச் சட்டம் கட்டாயம் என்று சொல்லும்போது, விதியில் வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்திருப்பது செல்லாது என்று சொல்லி இந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15-ஆவதைச் சட்டத்துக்கு முரணானதாக அறிவித்தார்கள். விட்டுக்கொடுக்கவே முடியாத கட்டாயத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்துக்குள் விதியாக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவும் போட்டார்கள். இதையும் மனுவில் சேர்த்தேன். எங்கள் வாசலில் இப்போது இருப்பது சுவரை ஒட்டித் திரும்பி ஏறுகிற நீளமான சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அதில் அதிகமாக நடப்பது நான் இல்லை, முட்டிவலிக்காரப் பாட்டிகள்தான், மனுக் கொடுக்க வருகிறவர்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். வேலைக்குத் திரும்பிய எங்கள் ஆட்கள் மறுபடியும் வேலையை விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை, பெண்கள் சொல்லவே மாட்டார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்து சாயங்காலம்வரை அடக்கி, கடைசியில் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்பது காய்ச்சல் தலைவலி மாதிரி இல்லை, உயிருக்கே ஆபத்து. என் நாற்காலியின் அகலம் 25 அங்குலம், எங்கள் ஆபீஸ் கழிப்பறைக் கதவு 24. ஓர் அங்குலம்! கதவு உள்பக்கம் திறக்கும் என்பதால் நுழைந்தாலும் சாத்த முடியாது. வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு சின்னத் திண்டு. அதைத் தாண்ட முடியாமல் ஆரம்பத்தில் பதிவறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு கதீட்டர் போட்டேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுவார்கள். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

"ஃபண்ட் இல்ல" என்று பதில் வந்தது. கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், திண்டை எடுக்க வேண்டும் என்று எழுதி, உள்ளூர்க் கொத்தனாரிடமும் வெல்டிங் பட்டறையிலும் விலைப்புள்ளி வாங்கி இணைத்தேன். மொத்தச் செலவும் அந்த வருஷம் வாசலுக்கு அடித்த பெயிண்ட் செலவைவிடக் குறைவு. இருந்தும் கோப்பு நகரவில்லை. அப்போதுதான் தகவல் உரிமைச் சட்டத்தை எடுத்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி. பிரிவு 23-இன்படி இந்த அலுவலகத்தில் நியமிக்கப்பட்டிருக்கும் குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, நியமன ஆணை நகல் தருக. பிரிவு 21-இன்படி வெளியிட வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையின் நகல் தருக. இரண்டுமே எங்கள் ஆபீசில் கிடையாது என்று எனக்குத் தெரியும். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், இல்லை என்று எழுதினால் சட்டத்தை மீறியதற்குத் தாங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. பதில் வருவதற்கு முன்பே ஓர் அதிகாரியை நியமித்து உத்தரவு வந்துவிட்டது. குறைதீர் அலுவலர் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இந்தப் பிரிவு இருப்பதே பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தெரியாது, தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

அதோடு மாநில ஆணையருக்கும் ஒரு புகார் அனுப்பினேன். வக்கீல் வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்க, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. அவர் பரிந்துரை அனுப்பினால் சம்பந்தப்பட்ட அலுவலகம் நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் ஆணையருக்கும் புகார் கொடுத்தவருக்கும் எழுத வேண்டும். இது தீர்ப்பு இல்லை, பரிந்துரைதான், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் போனதுமே எங்கள் ஆபீசில் கொத்தனார் வந்துவிட்டார். கதவைப் பெயர்த்து, சுவரை உடைத்து, கம்பி அடித்து ஒரு வாரத்துக்குள் முடித்தார்கள். அவ்வளவு நாள் இல்லாத நிதி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

சில பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள், அதுவும் நடக்கும். "ஆபீசையே கமிஷனர் வரைக்கும் இழுத்துட்டாரு" என்று பேச்சு. ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். பிறர் பார்வையில் படும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் பிரிவு 92-இன்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம்வரை சிறைத்தண்டனை. நான் போலீசுக்குப் போகவில்லை, அந்தப் பிரிவை அச்சடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், அடுத்த நாள் வந்து மன்னிப்புக் கேட்டார். உங்களுக்குப் போலீசுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், உறவு கெடும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். பதவி உயர்வும் அப்படித்தான், ஊனத்தைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று 20-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தனியார் கம்பெனியில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், 20(4)-இன் பாதுகாப்பு அவர்களுக்கு நேரடியாகக் கிடையாது. இது பெரிய குறை என்றுதான் நினைக்கிறேன், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பையன்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகமாக வேண்டும். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்ற 21-ஆவது பிரிவு தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமாக இருந்தால் அந்தக் கொள்கையில் என்னென்ன வசதி, யார் தொடர்பு அலுவலர் என்றெல்லாம் விவரமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கொள்கையின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள், அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். சட்டத்தை முதல் முறை மீறினால் பத்தாயிரம் ரூபாய்வரை, அதற்கப்புறம் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம்வரை அபராதம் என்று பிரிவு 89-இல் இருக்கிறது.

வேலையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் மூளை முடக்குவாதம் உள்ள பெண் கல்லூரியில் படிக்கிறாள், எழுதக் கை ஒத்துழைக்காது. தேர்வுக்கு எழுத்தரும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் தரச் சொல்லி 2018-இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. 40 சதவீதம் இல்லாவிட்டாலும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுத்தர் கேட்கலாம் என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வு நாளில் போய்ச் சண்டை போடாமல், விண்ணப்பம் போடும்போதே கேட்டு எழுத்தில் உத்தரவு வாங்கிவிட வேண்டும். வங்கியில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இருக்கிறதே, அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் அதில் எப்படித் தேறுவார்கள்? அதற்கும் மாற்று வழி வைக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் உத்தரவு வந்திருக்கிறது. உங்கள் வங்கி மேலாளருக்குத் தெரியவில்லை என்றால் வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஏறிப் போக முடியாத மாடியில் அவர்கள் அலுவலகம் இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் கட்டிடத்துக்கு இன்னும் லிஃப்ட் வரவில்லை. கூட்டம் மாடியில் நடக்கும் நாட்களில் கீழே ஓர் அறையில் நடத்தச் சொல்லி எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். லிஃப்ட் கோரிக்கை மேலே போயிருக்கிறது, பழைய அரசுக் கட்டிடங்களைச் சரிசெய்யச் சட்டம் கொடுத்த ஐந்து வருஷக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது என்பதைக் குறிப்பிட்டு நினைவூட்டு அனுப்பியிருக்கிறேன், தொடர்ந்து அனுப்புவேன்.

மனு எழுதத் தெரியவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். முதல் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பதவியையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும்: "நான் தங்கள் அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். பணிக்காலத்தில் எனக்கு ஊனம் ஏற்பட்டுள்ளது. நான் பணியில் தொடர விரும்புகிறேன். ஓய்வு கோரி நான் எந்த விண்ணப்பமும் அளிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-இன்படி என்னை அதே சம்பள விகிதத்தில் பொருத்தமான பணியிடத்தில் தொடரச் செய்யுமாறும், பிரிவு 20(2)-இன்படி கீழ்க்கண்ட வசதிகளைச் செய்து தருமாறும், இம்மனு மீது எடுக்கப்படும் முடிவை எனக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." கீழே வசதிகளை வரிசையாக எழுதி, டாக்டர் சான்றையும் ஊனச் சான்று நகலையும் இணைத்து, நகல் என்று போட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.